எம்ஜிபி தானுந்தின் உடற்கூடு, வண்ணப்பூச்சு மீட்டமைப்பு

எம்ஜிபி தானுந்தின் உடற்கூடு, வண்ணப்பூச்சு மீட்டமைப்பு என்பது, 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் உற்பத்தி செய்யப்பட்ட எம்ஜிபி என்னும் விளையாட்டுத் தானுந்தின் துருப்பிடித்த எஃகுக் கூட்டைப் பழுது நீக்கி, அதன் வடிவத்தையும் வலிமையையும் மீட்டு, மீண்டும் வண்ணம் பூசும் பணியாகும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் டிங்கர் வேலை, பெயிண்ட் வேலை என இரண்டாகப் பிரித்து அழைக்கப்படும் தொழில்கள் இரண்டும் இதில் அடங்கும். எம்ஜிபியில் உடற்கூடே வண்டியின் சட்டமாகவும் இருப்பதால், இப்பணி அழகுக்காக மட்டும் செய்யப்படுவது அன்று. தவறாகச் செய்யப்பட்ட மீட்டமைப்பு, பளபளக்கும் பூச்சுக்கு அடியில் வலுவிழந்த வண்டியை மறைத்துவிடக்கூடும்.

எம்ஜிபி

எம்ஜிபி இரண்டு இருக்கைகளைக் கொண்ட, திறந்த கூரையுடைய விளையாட்டுத் தானுந்தாக 1962 ஆம் ஆண்டில் அறிமுகமானது. 1798 கன செ.மீ. கொள்ளளவுள்ள நான்கு உருளை இயந்திரம் இதில் பயன்படுத்தப்பட்டது. 1965 ஆம் ஆண்டில் நிலையான கூரையும் பின்கதவும் கொண்ட எம்ஜிபி ஜிடி வெளியானது. இதன் கூரை வடிவமைப்பில் இத்தாலியின் பினின்ஃபரினா நிறுவனம் பங்கேற்றது. 1974 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஐக்கிய அமெரிக்காவின் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப, குரோமிய மோதுதாங்கிகளுக்குப் பதிலாகக் கரிய நிறத் தடித்த மோதுதாங்கிகள் பொருத்தப்பட்டன. 1980 ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றபோது ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டிருந்தன.

இவ்வளவு பெரிய எண்ணிக்கையே இவ்வண்டியின் மீட்டமைப்பை எளிதாக்கியுள்ளது. 1975 ஆம் ஆண்டில் தோன்றிய பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்னும் நிறுவனம், பழைய தொழிற்சாலையின் அச்சுகளையும் கருவிகளையும் தேடிச் சேர்த்து, 1988 ஆம் ஆண்டில் எம்ஜிபியின் முழு உடற்கூட்டையும் மீண்டும் உற்பத்தி செய்யத் தொடங்கியது. 1990களில் ரோவர் குழுமம் வெளியிட்ட எம்ஜி ஆர்வி8 என்னும் வண்டியும் இவ்வுடற்கூட்டை அடிப்படையாகக் கொண்டதே. இதனால், பல பழைய வண்டிகளுக்கு இல்லாத ஒரு தெரிவு எம்ஜிபி உரிமையாளருக்கு உண்டு. பழைய கூட்டைச் செப்பனிடலாம். அல்லது புதிய கூட்டை வாங்கிப் பழைய உறுப்புகளை அதில் பொருத்தலாம். எதைத் தேர்வது என்பது பற்றிய கருத்து வேறுபாடு இக்கட்டுரையின் இறுதியில் விளக்கப்பட்டுள்ளது.

உடற்கூட்டின் அமைப்பு

எம்ஜிபிக்கு முந்தைய எம்ஜிஏ வண்டியில் தனி அடிச்சட்டம் இருந்தது. அச்சட்டமே சுமையைத் தாங்கியது. உடல் அதன் மேல் பொருத்தப்பட்ட உறை மட்டுமே. எம்ஜிபியில் தனி அடிச்சட்டம் இல்லை. அச்சில் அழுத்தி வடிவமைக்கப்பட்ட எஃகுத் தகடுகள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, முழு உடலுமே சுமை தாங்கும் கட்டமைப்பாக அமைகின்றது. இது மோனோகாக் எனப்படும்.

கூரையுள்ள வண்டியில் கூரை, அதன் தூண்கள், தளம் ஆகியன சேர்ந்து ஒரு கூண்டாகி வளைவையும் முறுக்கையும் எதிர்க்கும். திறந்த வண்டியில் மேற்பகுதி இல்லை. எனவே முன், பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட சுமையின் பெரும்பகுதியை, கதவுகளுக்குக் கீழே வண்டியின் நீளவாக்கில் செல்லும் இரு விட்டங்களும் தளத்தின் நடுவேயுள்ள சுரங்கம் போன்ற பகுதியும் தாங்குகின்றன. இவ்விட்டங்கள் இக்கட்டுரையில் கதவடி விட்டங்கள் எனக் குறிப்பிடப்படுகின்றன.

ஒவ்வொரு கதவடி விட்டமும் பின்வரும் தகடுகளால் ஆனது:

* உள் தகடு: தளத்தகட்டின் விளிம்போடு இணைந்தது.
* இடைத் தகடு: பெட்டியின் நடுவே நிற்கும் செங்குத்துத் தடுப்பு.
* அடித் தகடு: கோட்டை மதிலின் பற்களைப் போன்ற விளிம்புடையது. இதனால் இது கோட்டைத் தகடு என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கப்படுகின்றது.
* வெளித் தகடு: கதவுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியும் பகுதி. இது முன் மட்கார்டுக்கு உள்ளேயும் பின் மட்கார்டுக்கு உள்ளேயும் தொடர்ந்து செல்கின்றது.

மூடிய பெட்டியின் வலிமை

மெல்லிய தகடுகளாலான இவ்விட்டம் வலிமையாக இருப்பதற்குக் காரணம் அது மூடிய பெட்டியாக இருப்பதே. 150 மி.மீ. உயரமும் 100 மி.மீ. அகலமும் 1 மி.மீ. தகட்டுத் தடிப்பும் உள்ள ஒரு பெட்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மூடிய மெல்லிய பெட்டியின் முறுக்கு மாறிலி, அதன் உட்பரப்பின் வர்க்கத்தை நான்கால் பெருக்கி, தடிப்பால் பெருக்கி, சுற்றளவால் வகுக்கக் கிடைக்கும். இங்கு உட்பரப்பு 15,000 ச.மி.மீ., சுற்றளவு 500 மி.மீ. எனவே மாறிலி 18,00,000 மி.மீ.⁴ ஆகும்.

அதே பெட்டியின் ஒரு விளிம்பு நெடுகத் துருப்பிடித்துப் பிளந்துவிட்டால், அது மூடிய பெட்டி என்னும் தன்மையை இழக்கின்றது. அப்போது மாறிலி, சுற்றளவைத் தடிப்பின் கனத்தால் பெருக்கி மூன்றால் வகுத்த அளவாகிறது. அதாவது ஏறத்தாழ 167 மி.மீ.⁴ மட்டுமே. எஃகின் அளவு கிட்டத்தட்ட மாறவில்லை. ஆயினும் முறுக்கை எதிர்க்கும் திறன் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. உண்மையான வண்டியில் ஏனைய பகுதிகளும் சுமையைப் பகிர்வதால் விளைவு இவ்வளவு கடுமையாக இராது. எனினும், விட்டத்தின் ஓரத்தில் தோன்றும் ஒரு நீண்ட பிளவை வெறும் ஓட்டையாகக் கருதக்கூடாது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

துருப்பிடித்தல்

இரும்பு துருப்பிடிப்பது ஒரு மின்வேதிச் செயற்பாடாகும். நீர்ப்படலத்தின் அடியில் தகட்டின் ஒரு பகுதி நேர்மின்வாயாகி இரும்பு கரைகின்றது. வேறொரு பகுதியில் ஆக்சிசன் எதிர்மின்னிகளை ஏற்று ஐதராக்சைடு ஆகின்றது. நீரில் உப்புக் கலந்தால் அதன் மின்கடத்துதிறன் கூடி, இச்செயற்பாடு விரைவடைகின்றது. பிரித்தானியாவில் குளிர்காலத்தில் பனிக்கட்டியை உருக்கச் சாலைகளில் உப்புத் தூவப்படுகின்றது. பழைய எம்ஜிபிகள் பல அழிந்ததற்கு இது முக்கியக் காரணமாகும். கலிபோர்னியா போன்ற வறண்ட பகுதிகளில் ஓடிய வண்டிகளின் கூடுகள் பெரும்பாலும் நல்ல நிலையில் இருப்பதும் இதனாலேயே.

இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்புகளில் நுண்துளை ஈர்ப்பால் நீர் தங்கும். அங்கு தோன்றும் துரு, தான் உருவான இரும்பை விடப் பல மடங்கு பருமனுடையது. எனவே அது தகடுகளை நெம்பிப் பிரிக்கின்றது. பிளவு பெரிதாகி மேலும் நீர் புகுகின்றது. எம்ஜிபியில் துரு பெரும்பாலும் காணப்படும் இடங்கள் வருமாறு:

* கதவடி விட்டங்கள், குறிப்பாக அவற்றின் முன், பின் முனைகள்.
* முன் மட்கார்டின் பின்பகுதி. சக்கரம் வீசும் சேறு உள்தடுப்பைத் தாண்டிச் சென்று, மேலேயுள்ள பெட்டிப் பகுதியிலும் கீழ் மூலையிலும் தேங்குகின்றது.
* கதவுக்குப் பின்னால் பின் மட்கார்டின் கீழ்ப்பகுதி. நாயின் பின்னங்காலைப் போல வளைந்திருப்பதால் ஆங்கிலேயத் தொழிலாளர் இதற்கு நாய்க்கால் எனப் பெயரிட்டுள்ளனர்.
* தளத்தகடுகள், ஜாக்கி வைக்கும் இடங்கள்.
* இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள மின்கலப் பெட்டிகள். தொடக்ககால வண்டிகளில் இரண்டு 6 வோல்ட் மின்கலங்கள் இங்கு வைக்கப்பட்டன. சிந்திய அமிலமும் சேர்ந்து தகட்டை அரிக்கின்றது.
* கதவுகளின் அடிவிளிம்பு, டிக்கியின் தளம்.

நிலையை மதிப்பிடல்

வேலையைத் தொடங்கும் முன் கூட்டின் உண்மை நிலையை அறிய வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை.

முதலாவது, காந்தச் சோதனை. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைத் தகட்டின் மீது நகர்த்தும்போது, தடித்த பட்டி பூசப்பட்ட இடத்தில் ஈர்ப்பு குறையும். தொடக்ககால எம்ஜிபிகளின் பானெட் அலுமினியத்தாலானது. அதில் காந்தம் ஒட்டாது. பின்னர் எஃகுப் பானெட்டுகள் பயன்படுத்தப்பட்டன.

இரண்டாவது, கதவு இடைவெளிச் சோதனை. திறந்த வண்டியின் கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளி மேலிருந்து கீழ் வரை சீராக இருத்தல் வேண்டும். கதவடி விட்டம் வலுவிழந்தால் வண்டியின் நடுப்பகுதி தொய்ந்து, இவ்விடைவெளி மேற்பக்கம் குறுகும். வண்டியை ஜாக்கியால் தூக்கும்போது இடைவெளி கண்ணுக்குத் தெரியுமளவு மாறுமானால், அல்லது கதவு திறக்க மறுக்குமானால், விட்டம் தன் பணியைச் செய்யவில்லை எனக் கொள்ளலாம்.

மூன்றாவது, இணைப்புக் கோடுகளைத் தேடல். பழைய விட்டத்தை வெட்டி நீக்காமல் அதன் மீதே புதிய வெளித்தகட்டை ஒட்டவைப்பது நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு குறுக்குவழி. வெளியே புதிதாகத் தெரியும். உள்ளே பழைய துரு தொடர்ந்து வளரும். உள் தகட்டையும் அடித் தகட்டையும் வண்டிக்கு அடியிலிருந்து பார்த்தால் இது வெளிப்படும்.

பிரித்தெடுத்தலும் ஆவணப்படுத்தலும்

உறுப்புகளைப் பிரிக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் ஒளிப்படம் எடுப்பதும், கதவு, பானெட், டிக்கி ஆகியவற்றின் இடைவெளிகளைப் பல புள்ளிகளில் அளந்து குறித்துக்கொள்வதும் இன்றியமையாதவை. திருகாணிகளை உறுப்பு வாரியாகத் தனிப்பைகளில் இட்டுப் பெயரெழுதி வைப்பது வழக்கம். பிரிப்பதற்குச் சில நாட்களே ஆகும். பொருத்துவது பல மாதங்களுக்குப் பின்னரே நிகழும். அதற்குள் நினைவு மங்கிவிடும்.

மூல வண்ணத்தை அறிவதும் இந்நிலையிலேயே செய்யப்பட வேண்டும். இங்கிலாந்தின் கெய்டனில் உள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம், பாதுகாக்கப்பட்ட தொழிற்சாலைப் பதிவேடுகளைக் கொண்டு, ஒரு வண்டி கட்டப்பட்ட நாள், அதன் மூல வண்ணம் முதலிய விவரங்கள் அடங்கிய சான்றிதழை வழங்குகின்றது. வண்டியிலேயே சூரிய ஒளி படாத இடங்களில், எடுத்துக்காட்டாக உள்ளலங்காரத் தகடுகளுக்குப் பின்னால், மங்காத மூலப்பூச்சு எஞ்சியிருப்பதும் உண்டு.

பற்றவைப்பைத் தொடங்கும் முன் எரிபொருள் தாங்கி வண்டியிலிருந்து கழற்றப்பட வேண்டும். எம்ஜிபியில் இது டிக்கித் தளத்தின் அடியில் உள்ளது. காலித் தாங்கியில் காற்றோடு கலந்து நிற்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கக்கூடியது. ஆகவே தாங்கியில் எரிபொருள் இல்லை என்பது ஒரு பாதுகாப்பு ஆகாது.

பழைய பூச்சை நீக்கல்

பழைய பூச்சையும் துருவையும் நீக்கப் பல முறைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை உண்டு.

* வேதி நீக்கி: பூச்சின் மீது தடவினால் அது கொப்புளித்துப் பெயரும். பழைய நீக்கிகளில் இருந்த டைகுளோரோமீத்தேனின் ஆவி உயிருக்கு ஆபத்தானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுமக்களுக்கு இத்தகைய நீக்கிகளை விற்பது 2010களின் தொடக்கத்தில் தடைசெய்யப்பட்டது.
* மணல் வீச்சு: துருவை ஆழமாக நீக்கும். ஆனால் மணல் துகள்கள் தகட்டின் ஒரு பக்கத்தை மட்டும் தட்டி விரிப்பதால் பானெட், கதவு போன்ற அகன்ற தகடுகள் நெளிந்துவிடும். இத்தகடுகளுக்குச் சோடா உப்பு அல்லது நெகிழித் துகள் போன்ற மென்மையான வீச்சுப் பொருள்கள் ஏற்றவை. இவை பூச்சை நீக்கும். ஆழமான துருவை நீக்கா.
* அமிலத் தொட்டியில் முக்குதல்: பெட்டிப் பகுதிகளின் உள்ளேயும் துருவை நீக்கும் ஒரே முறை. ஆயினும் இணைப்புகளுக்குள் எஞ்சும் அமிலம் முற்றாக நடுநிலையாக்கப்படாவிட்டால், பின்னாளில் கசிந்து புதிய பூச்சைக் கெடுக்கும்.
* உப்புத்தாள், கம்பித் தூரிகை: நேரம் மிகுதியாகும். அக்காலப் பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி எழுப்புதல் கூடாது.

தூய்மையாக்கப்பட்ட எஃகு ஈரக் காற்றில் சில மணி நேரத்திலேயே மீண்டும் துருப்பிடிக்கத் தொடங்கும். எனவே அன்றே அடிப்பூச்சு இடுவது நல்லது.

தகட்டு வேலை

கூட்டைத் தாங்குதல்

விட்டம் வெட்டப்பட்டவுடன் கூடு தன் எடையாலேயே வளையக்கூடும். வளைந்த நிலையில் புதிய விட்டம் பற்றவைக்கப்பட்டால் அவ்வளைவு நிலைத்துவிடும். பின்னர் எந்தச் சரிசெய்தலாலும் கதவு பொருந்தாது. இதைத் தடுக்கப் பின்வருவன பின்பற்றப்படுகின்றன:

* வண்டியின் எடை இயல்பாகத் தாங்கப்படும் இடங்களிலேயே, அதாவது முன், பின் தொங்கமைப்புகளின் அருகில், தாங்கிகளை வைத்துக் கூட்டை மட்டமாக நிறுத்தல்.
* கதவு வாயிலின் குறுக்கே, கீல் தூணிலிருந்து பூட்டுத் தூண் வரை எஃகுக் கம்பிகளைத் தற்காலிகமாகப் பற்றவைத்தல்.
* ஒரு பக்க விட்டம் முழுமையாக முடிந்த பின்னரே மறுபக்கத்தை வெட்டுதல்.

கதவடி விட்டத்தை மாற்றும் வரிசை

1. முன் மட்கார்டு கழற்றப்படுகின்றது. இது திருகாணிகளால் பொருத்தப்பட்டது.
2. பின் மட்கார்டு பற்றவைக்கப்பட்டது என்பதால், அதன் கீழ்ப்பகுதி வெட்டி எடுக்கப்படுகின்றது. விட்டத்தின் பின்முனை இதனுள்ளேயே மறைந்துள்ளது.
3. கதவு பொருத்தப்பட்ட நிலையில் இடைவெளிகள் சரிபார்க்கப்பட்டு, தாங்குகம்பிகள் இடப்படுகின்றன.
4. வெளித் தகடு நீக்கப்படுகின்றது. இடைத் தகடு, அடித் தகடு, உள் தகடு ஆகியன ஆராயப்பட்டு, கெட்டவை வெட்டப்படுகின்றன.
5. துருவற்ற உலோகம் தெரியும் வரை விளிம்புகள் தூய்மையாக்கப்படுகின்றன. துருப்பிடித்த விளிம்பில் பற்றவைப்பு நிற்காது.
6. உள்ளிருந்து வெளிநோக்கி ஒவ்வொரு தகடாகப் பொருத்தப்படுகின்றது. ஒவ்வொரு நிலையிலும் கதவு மாட்டப்பட்டு இடைவெளி அளக்கப்படுகின்றது.
7. வெளித் தகடு முதலில் பிடிகருவிகளால் மட்டும் நிறுத்தப்பட்டு, கதவு, மட்கார்டு இரண்டும் பொருத்திப் பார்க்கப்பட்ட பின்னரே பற்றவைக்கப்படுகின்றது.
8. பின் மட்கார்டுக்கான புதிய கீழ்ப்பகுதி இணைக்கப்படுகின்றது.

தகடுகளைப் பிடிகருவிகளால் நிறுத்திக் கதவை மீண்டும் மீண்டும் மாட்டிப் பார்ப்பதற்கே இவ்வேலையில் பெரும்பகுதி நேரம் செலவாகிறது. பற்றவைப்பு நேரம் ஒப்பீட்டளவில் குறைவு.

பற்றவைப்பும் வெப்பத் திரிபும்

தொழிற்சாலையில் தகடுகள் புள்ளிப் பற்றவைப்பால் இணைக்கப்பட்டன. மீட்டமைப்பில், இரு பக்கமும் மின்முனை எட்டாத இடங்களில், மேல் தகட்டில் 5 முதல் 6 மி.மீ. துளையிட்டு அதை நிரப்பும் துளைப் பற்றவைப்பு பயன்படுத்தப்படுகின்றது. இதற்கு மிக் எனப்படும் வாயுக்காப்புப் பற்றவைப்பு ஏற்றது. ஏறத்தாழ 1 மி.மீ. தடிப்புள்ள தகடுகளுக்கு 0.6 மி.மீ. கம்பியும், ஆர்கனும் கரியமில வாயுவும் கலந்த காப்பு வாயுவும் பொதுவாகப் பயன்படுகின்றன. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பரப்பில் துத்தநாகம் கலந்த அடிப்பூச்சு முன்கூட்டியே பூசப்படுகின்றது; பின்னர் அவ்விடத்தைத் தூரிகையால் எட்ட முடியாது.

பற்றவைக்கும்போது தகடு நெளிவதற்கு வெப்பமே காரணம். எஃகு ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு நீள்கின்றது. 100 மி.மீ. நீளமுள்ள பகுதி 500 பாகை சூடேறினால் 0.6 மி.மீ. நீள முயலும். சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் அதை நீள விடாது. எனவே மென்மையான சூடான பகுதி நீளவாக்கில் நசுங்கித் தடிக்கின்றது. குளிரும்போது, அது தொடக்கத்தில் இருந்ததை விடக் குறுகி, சுற்றியுள்ள தகட்டை இழுக்கின்றது. இவ்விழுப்பே நெளிவாகத் தெரிகின்றது.

ஆகவே நீண்ட கோடாகப் பற்றவைக்காமல், தொலைவிலுள்ள புள்ளிகளில் மாறிமாறிச் சிறு பொட்டுகளாக வைத்து, ஒவ்வொன்றும் குளிர்ந்த பின் அடுத்ததை வைத்தல் வேண்டும். நெளிவு ஏற்பட்டுவிட்டால், குறுகிய பற்றவைப்புக் கோட்டைப் பின்புறம் இரும்புக்கட்டை கொடுத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி, மீண்டும் விரிக்க வேண்டும். குறையை மறைக்கப் பட்டியைத் தடிப்பாகப் பூசுவது இதற்குத் தீர்வாகாது.

மேற்பரப்பைச் சமன்செய்தல்

பழைய காலத்தில் இணைப்புகளின் மேலுள்ள பள்ளங்கள் ஈயக் கலவையால் நிரப்பப்பட்டன. 70 விழுக்காடு ஈயமும் 30 விழுக்காடு வெள்ளீயமும் கொண்ட கலவை, ஏறத்தாழ 183 முதல் 255 பாகை செல்சியசு வரையான வெப்பநிலையில் முற்றாக உருகாமல் குழைந்த நிலையில் இருக்கும். அந்நிலையில் கொழுப்புத் தடவிய மரத்தட்டையால் அதை வழித்துப் பரப்புவர். ஈயம் உலோகத்தோடு உலோகமாகப் பிணைவதால் ஈரம் அதனடியில் புகாது. ஈயத்தை அரத்தால் மட்டுமே சீவ வேண்டும். உப்புத்தாளால் தேய்த்தால் எழும் தூசி நச்சுத்தன்மை வாய்ந்தது.

இன்று பெரும்பாலும் பாலியெஸ்டர் பட்டி பயன்படுத்தப்படுகின்றது. இதனுடன் சிறிதளவு கடினமாக்கி கலந்ததும் சில நிமிடங்களில் இறுகும். சரியாகப் பயன்படுத்தினால் பட்டி இழிவானது அன்று. அதன் தடிப்பு இரண்டு, மூன்று மி.மீ.க்கு மேற்படாமல் இருத்தல் வேண்டும். பட்டி நீரை உறிஞ்சும் தன்மையுடையது. எனவே வெற்றுத் தகட்டில் எப்பாக்சி அடிப்பூச்சு இட்டு, அதன் மேல் பட்டி பூசும் முறையைப் பலர் பின்பற்றுகின்றனர். ஓட்டையைப் பட்டியால் அடைப்பது எந்நிலையிலும் ஏற்கத்தக்கதன்று.

வண்ணப்பூச்சு

பூச்சு வகைகள்

நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு 1923 ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஓக்லண்ட் வண்டிகளில் பயன்படுத்தப்பட்டது. இது வேதிவினை எதுவுமின்றி, கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே உலர்கின்றது. இதனால் உலர்ந்த பின்னும் தின்னர் பட்டால் கரையும். ஒவ்வொரு பூச்சும் முந்தையதைச் சற்றுக் கரைத்து அதனோடு ஒன்றிவிடும். பழுதுபார்ப்பதும் மெருகேற்றுவதும் எளிது. ஆனால் பூச்சு மெல்லியது. பல முறை பூச வேண்டும். வாரங்கள் கழிந்த பின்னும் கரைப்பான் வெளியேறிக்கொண்டிருப்பதால் பூச்சு சுருங்கி, அடியிலுள்ள கீறல்கள் மேலே தெரியக்கூடும்.

இரு கூற்றுப் பூச்சில் வண்ணக்கூறும் ஐசோசயனேட் கொண்ட கடினமாக்கியும் வினைபுரிந்து பாலியூரித்தேன் வலையமைப்பு உருவாகின்றது. இது பெட்ரோல், வெயில், கீறல் ஆகியவற்றை நன்கு தாங்கும். குறைந்த எண்ணிக்கையிலான பூச்சுகளே போதும். புகை, தூசி படாத அறையில் சுமார் 60 பாகை வெப்பத்தில் அரைமணி நேரத்தில் உலர்த்தலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004 ஆம் ஆண்டு நெறிமுறை, 2007 ஆம் ஆண்டு முதல் வண்டிப் பூச்சுகளில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களின் அளவைக் கட்டுப்படுத்தியது. இதனால் புதிய வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறைகளில் நீர் சார்ந்த பூச்சுகள் பரவின. வரலாற்று மதிப்புடையவை என ஏற்கப்பட்ட பழைய வண்டிகளுக்கு, பழைய வகைப் பூச்சைக் குறைந்த அளவில் அனுமதிக்க இந்நெறிமுறையில் இடமுண்டு.

பூசும் வரிசை

1. வெற்று எஃகில் எப்பாக்சி அடிப்பூச்சு. அலுமினியப் பானெட்டுக்கு, உலோகத்தைச் சற்று அரித்துப் பற்றும் தனி அடிப்பூச்சு தேவைப்படலாம்.
2. தடித்த நிரப்பு அடிப்பூச்சு, இரண்டு அல்லது மூன்று முறை.
3. அதன் மேல் மிக மெல்லிய கரும்பூச்சுத் தூவல். உப்புத்தாளை நீண்ட கட்டையில் சுற்றித் தேய்க்கும்போது மேடுகளில் கருமை உடனே மறையும், பள்ளங்களில் எஞ்சும். கண்ணுக்குத் தெரியாத அலைகளை இது காட்டிக்கொடுக்கின்றது.
4. 180, 320, 500 என உப்புத்தாளின் எண்ணைப் படிப்படியாகக் கூட்டித் தேய்த்தல். இடையில் எண்களைத் தாண்டினால், சொரசொரப்பான தாளின் கீறல்கள் மேற்பூச்சில் தெரியும்.
5. வண்ண மேற்பூச்சு.
6. பூச்சு நன்கு இறுகிய பின் 1500, 2000 எண் தாள்களால் நீரிட்டுத் தேய்த்து, மெருகுப் பசையால் பளபளப்பாக்கல்.

பானெட், கதவு ஆகியவற்றின் ஓரங்களில் பூச்சு மெல்லியதாகவே படியும். மெருகேற்றும்போது இவ்விடங்களில் அடிப்பூச்சு வெளிப்பட்டுவிடாமல் கவனிக்க வேண்டும். முழுப் பூச்சின் தடிப்பும் பெரும்பாலும் ஒரு மி.மீ.இல் பத்தில் ஒரு பங்கு முதல் இரு பங்கு வரையே இருக்கும்.

1960களின் எம்ஜிபிகளில் டார்ட்டன் சிவப்பு, ஐரிஸ் நீலம், ஓல்ட் இங்கிலிஷ் வெள்ளை, பிரித்தானியப் பந்தயப் பச்சை முதலிய ஒற்றை நிறங்கள் காணப்பட்டன. உலோகத் துகள் கலந்த பூச்சுகளை விட ஒற்றை நிறங்களை ஒப்புநோக்கிப் பூசுவது எளிது.

பொதுவான குறைகள்

* ஆரஞ்சுத் தோல்: பூச்சுத் துளிகள் பரவிச் சமனாகும் முன் உலர்வதால் மேற்பரப்பு ஆரஞ்சுப் பழத்தோல் போலாகின்றது. தடித்த கலவை, தவறான காற்றழுத்தம், மிகுந்த வெப்பம் ஆகியவை காரணங்கள்.
* வழிதல்: ஒரே இடத்தில் மிகுதியாகத் தெளிப்பதால் ஏற்படுவது.
* மீன்கண்: சிலிக்கோன் அல்லது எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இடத்தில் பூச்சு விலகிச் சிறு வட்டக் குழிகள் தோன்றல்.
* வெளிறல்: செல்லுலோஸ் பூச்சின் கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கின்றது. காற்றில் ஈரப்பதன் மிகுந்திருந்தால் நீர் அதன் மீது படிந்து பூச்சு வெண்மையாகின்றது. ஈரப்பதன் மிக்க கடலோர நாடுகளில் இக்குறை அடிக்கடி ஏற்படும். மெதுவாக ஆவியாகும் தின்னரைப் பயன்படுத்துவது தீர்வு.

துருத் தடுப்பு

வெளிப்பூச்சு எவ்வளவு சிறந்ததாயினும், எம்ஜிபி உள்ளிருந்தே அழிகின்றது. எனவே எல்லா இணைப்புகளிலும் அடைப்புப் பசை இடப்பட்டு, பூச்சு முடிந்த பின் கதவடி விட்டங்கள், கதவுகள், பெட்டிப் பகுதிகள் ஆகியவற்றின் உள்ளே நீண்ட குழாயின் மூலம் மெழுகு தெளிக்கப்படுகின்றது. மெழுகு பற்றவைப்பின் வெப்பத்தில் எரியுமாதலால், இது இறுதியாகவே செய்யப்பட வேண்டும். நீர் வடியும் துளைகள் மெழுகாலோ பூச்சாலோ அடைபடாமல் பார்த்தல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மெழுகைப் புதுப்பிப்பது நலம்.

உடல்நலப் பாதுகாப்பு

ஐசோசயனேட்டுகள் தொழில்சார் ஈழை நோய்க்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. ஒரு முறை ஒவ்வாமை ஏற்பட்டவருக்குப் பின்னர் மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும். தெளிப்பின் நுண்துளிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அபாய அளவிலும் மணத்தால் அறிய முடிவதில்லை. எனவே கரி வடிகட்டி முகமூடி பழுதானாலும் அணிந்திருப்பவர் அதை உணரமாட்டார். வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் மூலம் வழங்கும் முகமூடியே இப்பூச்சுக்கு உரியது. அத்தகைய வசதி இல்லாதவர் இரு கூற்றுப் பூச்சை வீட்டில் தெளிப்பதைத் தவிர்த்து, பூச்சு வேலையை மட்டும் பட்டறையிடம் ஒப்படைப்பது அறிவுடைமை.

இவையன்றி, பற்றவைப்பின் புறஊதாக் கதிரிலிருந்து கண்களைக் காத்தல், துத்தநாகப் புகையைத் தவிர்த்தல், தீயணைப்பானை அருகில் வைத்தல் ஆகியனவும் தேவை.

சட்டமும் பொறுப்பும்

பிரித்தானியாவின் ஆண்டுத் தகுதிச் சோதனையில், தொங்கமைப்பு, இருக்கைப் பட்டை ஆகியவை பொருத்தப்பட்ட இடங்களிலிருந்து 30 செ.மீ.க்குள் உள்ள அரிப்பு கடுமையாகப் பார்க்கப்படுகின்றது. ஆனால் 2018 ஆம் ஆண்டு மே மாதம் முதல், 40 ஆண்டுகளைக் கடந்த, பெரிதும் மாற்றப்படாத தனியார் வண்டிகளுக்கு அங்கு இச்சோதனை கட்டாயமில்லை. எம்ஜிபிகள் எல்லாம் இவ்வயதைக் கடந்துவிட்டன. வண்டி சாலைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்னும் சட்டப் பொறுப்பு மட்டும் உரிமையாளரை விட்டு நீங்கவில்லை. விரும்பியவர்கள் தாமாகவே சோதனைக்கு உட்படுத்தலாம்.

மூலத்தன்மை பற்றிய கருத்துகள்

பழைய வண்டிகளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012 ஆம் ஆண்டில் தூரின் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய 1964 ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் கருத்துகளைப் பின்பற்றிய இச்சாசனம், வண்டியில் எஞ்சியுள்ள மூலப்பொருளையும் அதன் வரலாற்றுத் தடயங்களையும் இயன்றவரை காக்க வேண்டும் என்கின்றது. இந்நோக்கில், மங்கிய மூலப்பூச்சுடன் நல்ல நிலையிலுள்ள ஒரு வண்டியை முழுதும் சுரண்டிப் புதிதாகப் பூசுவது இழப்பாகும். மூலப்பூச்சு ஒரு வண்டிக்கு ஒரு முறை மட்டுமே இருக்க முடியும்.

எம்ஜிபியைப் பொறுத்தவரை எதிர்க்கருத்தும் வலுவுடையது. தளம், விட்டங்கள், மட்கார்டுகள் அனைத்தும் மாற்றப்பட வேண்டிய நிலையிலுள்ள கூட்டில் எஞ்சும் மூலத்தகடு மிகக் குறைவு. அதைச் செப்பனிடும் கூலி புதிய கூட்டின் விலையைத் தாண்டலாம். மேலும், மூல அச்சுகளில் அழுத்தி வடிவமைத்த புதிய கூடு வடிவத்திலும் வலிமையிலும் நம்பத்தக்கது. இதனைப் பயன்படுத்துவோர், அவ்விவரத்தை வண்டியின் ஆவணங்களில் தெளிவாகப் பதிந்து வைப்பது அடுத்த உரிமையாளருக்குச் செய்யும் நேர்மையாகும்.

இவ்விரு கருத்தினரும் உடன்படும் செய்தி ஒன்றுண்டு: தேவைக்கு மேல் நல்ல உலோகத்தை வெட்டக்கூடாது; கெட்ட உலோகத்தை மூடி மறைக்கவும் கூடாது.

இவற்றையும் பார்க்க

* தானுந்து
* துரு
* பற்றவைப்பு
* மின்வேதியியல்
* வண்ணப்பூச்சு